நோய் வீட்டுக்கா, கடனுக்கா?

மாதம் 30 தானே கையிலிருந்து போகிறது என்று நான்கு ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் வாங்கி வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் கடன் தவணை 130, அதிலிருந்து வரும் வாடகை 100. குறைகிற 30-ஐ என் சம்பளத்திலிருந்து போட்டுக் கட்டினேன். சொத்து சேரும்போது இவ்வளவு கூடவா செய்யக்கூடாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். என் கணவர் மட்டும் அவ்வப்போது, "விற்றுவிடலாமே" என்பார். அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதினோரு ஆண்டுச் சேமிப்பைப் போட்டு என் பெயரில் வாங்கிய முதல் சொத்து அது.

உண்மைத் தொகைகளை இங்கே எழுதவில்லை. மாத வாடகையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எண்களையெல்லாம் அதற்கேற்ற விகிதத்தில் மாற்றியிருக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் வாடகையைப் பொருத்திப் பார்க்க இதுவே எளிது.

மூன்றாவது குடித்தனமும் காலி செய்யப்போவதாகச் சொன்ன வாரத்தில் என் அண்ணனிடம் புலம்பினேன். அவர் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவர். "வாடகை எவ்வளவு என்று என்னிடம் சொல்லாதே. இந்த 48 மாதத்தில் உன் கைக்கு எவ்வளவு வந்தது, அதைச் சொல்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு ஆண்டுகளாக நான் வைத்திருந்தது ஒரு மாதக் கணக்கு. அந்த ஒரு மாதத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு வங்கிக் கணக்கின் பக்கங்களைப் பரப்பிவைத்து, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதினேன். 48 மாதங்களில் வீடு 7 மாதம் காலியாகக் கிடந்திருந்தது. ஆக, வந்த வாடகை 4,100. மூன்று முறையும் தரகருக்கு ஒரு மாத வாடகை வீதம் 300. குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 12 வீதம் 576. சொத்துவரி 160. காப்பீடு 80. ஒவ்வொரு குடித்தனம் போனபோதும் வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது, மின்விசிறி மாற்றியது எல்லாம் சேர்ந்து 384. செலவு மொத்தம் 1,500. மிஞ்சியது 2,600, அதாவது ஆண்டுக்கு 650. ஆண்டு வாடகை 1,200 என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வீடு அதில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் கொடுத்திருந்தது.

தவணையோ ஆண்டுக்கு 1,560. என் கையிலிருந்து ஆண்டுக்கு 360 போகிறது என்ற நினைப்பில் இருந்தேன். போனது 910. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பணம் எனக்குத் தெரியாமல் போகவில்லை. ஒவ்வொரு முறையும் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தரகர் கூலியை "எப்போதாவது வரும் செலவு" என்றும், காலி மாதங்களை "இந்த ஒரு தடவைதானே" என்றும் தனித்தனியாக ஒதுக்கிவைத்திருந்தேன். மூன்று தடவை வந்த பிறகு அது எப்போதாவது வருவதில்லை. ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருந்தாலே வாடகையில் 8.3 சதவீதம் போய்விடுகிறது. இரண்டு மாதம் என்றால் ஆறில் ஒரு பங்கு.

இங்கே இன்னொரு விஷயத்தையும் அண்ணன்தான் பிரித்துக் காட்டினார். 910 முழுவதையும் நஷ்டம் என்று எழுதுவதும் தவறு. தவணையில் வட்டியும் இருக்கிறது, அசலும் இருக்கிறது. அசலாகப் போவது என்னிடமே திரும்பிவரும் பணம். வீட்டில் என் பங்கு அந்த அளவுக்குக் கூடுகிறது. ஆகவே கடன் நிறுவனத்தில் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கினேன். கடன் தொகை 14,450, வட்டி 9 சதவீதம், 20 ஆண்டு. நான்கு ஆண்டுகளில் நான் கட்டியது 6,240. அசலில் குறைந்தது 1,245 மட்டுமே. ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்குப் போயிருந்தது. இது அவர்கள் செய்த மோசடியும் இல்லை. நிலுவை அதிகமாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில் வட்டியே பெரும்பகுதியைத் தின்னும், போகப் போக அசல் கூடும். எந்தத் தவணைக் கடனுக்கும் கணக்கு அப்படித்தான். ஆனால் அட்டவணையைக் கண்ணால் பார்க்கும்வரை அது எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் ஆண்டுக்கான வரிசையில் வட்டி 1,173, அசல் 387 என்று இருந்தது. அப்படியென்றால் உண்மையான நஷ்டம் 1,173-இலிருந்து 650-ஐக் கழித்தால் வருகிற 523. மீதி 387 என் சேமிப்பு. வைத்துக்கொள்வதா, கடனை மாற்றுவதா, விற்பதா என்று யோசிப்பவர்கள் முதலில் இந்த 523-ஐத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையிலிருந்து போகும் தொகை வேறு, கரைந்து போகும் தொகை வேறு. முதலாவது உங்கள் சம்பளம் தாங்குமா என்று சொல்லும். இரண்டாவதுதான் அந்த வீடு தேறுமா என்று சொல்லும்.

இந்தச் சமயத்தில் கடன் மாற்றித் தரும் ஒரு முகவர் வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்கள் தவணை வாடகையைவிடக் குறைந்துவிடும், மேடம். இனிமேல் கையிலிருந்து ஒன்றுமே போட வேண்டாம்" என்றார். வட்டி 7.5 சதவீதம், தவணை 98. எனக்கு உடனே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருந்தது. என் கணவர்தான், "எத்தனை வருடத்துக்கு?" என்று கேட்டார். 25 ஆண்டு.

எங்கள் கடனில் மீதி இருந்தது 16 ஆண்டு. மாதம் 130 வீதம் 192 மாதம் கட்டினால் மொத்தம் 24,960. அவர் சொன்னபடி 98-க்குச் சற்றுக் குறைவாக 300 மாதம் கட்டினால் ஏறத்தாழ 29,270. வட்டி விகிதம் ஒன்றரை சதவீதம் இறங்கியும் மொத்தமாகக் கட்டுவது 4,300 கூடுகிறது. அதே 7.5 சதவீதத்தை மீதமிருக்கும் 16 ஆண்டுக்கே வைத்துக்கொண்டால் தவணை 118, மொத்தம் 22,700. தவணையைப் பற்றி முகவர் சொன்னதில் பொய் இல்லை. தவணை உண்மையிலேயே குறையும். எதனால் குறைகிறது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது: வட்டி இறங்கியதால் 12 குறைகிறது, காலத்தை நீட்டியதால் 20 குறைகிறது. முதல் குறைவு லாபம். இரண்டாவது நானே என் தோளில் ஏற்றிக்கொள்ளும் ஒன்பது ஆண்டுச் சுமை. வேலை போய், தவணை கட்டவே வழியில்லாதவருக்குக் காலத்தை நீட்டுவது மூச்சுவிட இடம் கொடுக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் நிலை அதுவாக இருக்கவில்லை.

அதோடு கடனை மாற்றுவதற்கும் செலவு உண்டு. விண்ணப்பக் கட்டணம், சட்ட ஆய்வு, மதிப்பீட்டாளர் கூலி, அடமானப் பதிவு, பழைய கடனை முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 235 என்று வந்தது. மாதம் 11.75 மிச்சம் என்றால் அந்தச் செலவு திரும்ப 20 மாதம் ஆகும். 20 மாதத்துக்குள் வீட்டை விற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் மாற்றுவது வீண். கடன் மாற்றும் முடிவு விற்கும் முடிவுக்குப் பிறகுதான் வரவேண்டும் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

என் தங்கை கதை நேர்மாறானது. அவளுடைய வீடு ஒருநாள்கூடக் காலியாக இருந்ததில்லை. செலவு போக நல்ல வருமானம். ஆனால் அவசரத்தில் 11 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தாள். அங்கே வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை, நோய் முழுவதும் கடனில் இருந்தது. வேறொரு இடத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் தருவதாகக் கடிதம் வாங்கி, அதை முதலில் தன் பழைய நிறுவனத்திடமே காட்டினாள். "அக்கா, வட்டியைக் குறைக்கச் சொல்லி மூன்று வருடம் கேட்டேன், அசையவில்லை. கடிதத்தைக் காட்டினேன், ஒரே வாரத்தில் குறைத்துவிட்டார்கள்" என்றாள். மாற்றும் செலவே இல்லாமல் வேலை முடிந்தது. வட்டி குறைந்த பிறகும் பழைய தவணைத் தொகையையே கட்டிவருகிறாள். இது மிக நல்ல வழி. எங்கள் எண்களில் போட்டுப் பார்த்தேன்: 13,200 நிலுவைக்கு 7.5 சதவீதத்தில் அதே 130-ஐக் கட்டினால் 192 மாதத்துக்குப் பதில் 162 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும்.

ஆனால் என் வீட்டுக்கு 7.5 சதவீதம் கிடைத்தாலும் முதல் ஆண்டு வட்டி 970. வீடு கொடுப்பது 650. கடனை எவ்வளவு சரிசெய்தாலும் பள்ளம் மூடாது. அப்படியானால் நோய் வீட்டில் இருக்கிறது. மூன்று குடித்தனங்கள் ஏன் போயின என்று அதுவரை நான் யாரிடமும் உட்கார்ந்து கேட்டதே இல்லை.

காலி செய்கிற அன்று நேரில் போனேன். மூன்றாவதாகக் குடியிருந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா என்னைப் படுக்கையறைக்கு அழைத்துப்போனார். அலமாரியை நகர்த்திய இடத்தில், தரையிலிருந்து இடுப்பளவு உயரம்வரை சுவர் கருத்துப்போயிருந்தது. "தப்பாக நினைக்காதே அம்மா, இதை ஒரு தடவை தொட்டுப் பார்" என்றார். தொட்டேன். புது வெள்ளையின் தோல் என் விரலோடு உரிந்து வந்தது. அதன் கீழே பூச்சு ஈர மாவு போலக் குழைந்தது. உள்ளங்கையில் சுண்ணாம்பும் மணலும் ஒட்டிக்கொண்டன. ஈரச் சாக்கின் வாடை. அலமாரியின் பின்பலகையில் பூஞ்சை பூத்திருந்தது. மடித்துவைத்த அவருடைய புடவைகளிலும் அந்தப் புள்ளிகள். "இவருக்கு இளைப்பு இருக்கிறது. இந்த அறையில் படுத்தால் விடியும்வரை இருமல். உன்னிடம் சொல்லத்தான் சொன்னேன், தரகர் தம்பியிடம்" என்றார். தரகர் என்னிடம் சொன்னது, "கொஞ்சம் ஓதம், ஒரு கோட்டிங் அடித்தால் போதும்" என்பதுதான். நானும் மூன்று முறை அடித்தேன். 384-இல் பெரும்பகுதி அந்த ஒரே சுவருக்குப் போயிருந்தது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்களுடைய முன்பணத்தில் வெள்ளையடிக்கும் செலவுக்கென்று ஒன்றும் பிடிக்காமல் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர் வந்து, வேலையைத் தொடங்கும் முன் இரண்டு சோதனை செய்தார். முதலில் குழாய்களையெல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தார். முள் அசையவில்லை, ஆகவே தண்ணீர் வரும் அழுத்தக் குழாயில் கசிவு இல்லை. பிறகு தண்ணீர் வெளியேறும் தரைத் துளையை அடைத்து, குளியலறைத் தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டார். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தது. சுவரின் கறுப்பு இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. தரைத்துளையைச் சுற்றியிருந்த இணைப்பு விட்டுப்போயிருந்தது, தட்டோடுகளுக்குக் கீழே நீர்த்தடுப்புப் பூச்சே போடப்பட்டிருக்கவில்லை. தட்டோடுகளை உடைத்து எடுத்து, பூச்சை இரண்டு அடுக்காகச் சுவரில் ஒரு முழம் உயரம்வரை ஏற்றி, காய்ந்த பிறகு மறுபடியும் தண்ணீர் கட்டிச் சோதித்துவிட்டுத்தான் புதுத் தட்டோடு பதித்தார். படுக்கையறைச் சுவரின் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, பல வாரம் காயவிட்டே மறுபடி பூசச் சொன்னார். மொத்தச் செலவு 600, ஆறு மாத வாடகை.

விற்கப்போகிற வீட்டுக்கு இவ்வளவு செலவா என்று என் கணவர் தயங்கினார். நியாயமான தயக்கம்தான். அதனால் முதலில் இரண்டு தரகர்களிடம் விலை கேட்டோம். அக்கம்பக்கத்தில் அதே அளவு வீடுகள் 28,000-க்கு விற்றிருந்தன. எங்கள் சுவரைப் பார்த்தவர்கள் 25,500-க்கு மேல் பேசவில்லை. 600 செலவு செய்தால் 2,500 வித்தியாசம். வைத்துக்கொண்டாலும் விற்றாலும் சுவரைச் சரிசெய்வதே முதல் வேலை என்று முடிவானது. ஆடம்பரச் சமையலறை, புது விளக்குகள் போன்றவற்றை யாரோ சிபாரிசு செய்தார்கள், மறுத்துவிட்டோம். வாங்குபவர் விலையைக் குறைக்கக் காரணமாகிற குறைகள் வேறு, விற்பவருக்கு அழகாகத் தோன்றுகிற சேர்க்கைகள் வேறு.

பிறகுதான் உண்மையான கேள்விக்கு வந்தோம். விற்றால் தரகு, இதர செலவு, கடன் நிலுவை எல்லாம் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 14,100. அந்தத் தொகை இப்போது மேசைமேல் இருக்கிறது, இதே வீட்டை இதே கடனோடு இன்று வாங்குவாயா என்று அண்ணன் கேட்டார். நான் போட்ட பணம் எவ்வளவு, வாங்கிய விலை எவ்வளவு என்பதையெல்லாம் அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எனக்கு வலித்தது. ஆனால் கணக்கைப் போட்டோம். 14,100-ஐ 6 சதவீத வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 846. வீட்டைச் சரிசெய்து, குடித்தனம் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் மாறும் என்று வைத்துக்கொண்டால் செலவு போக 870 வரும்; வட்டி 1,173; ஆக 303 நஷ்டம். இந்த நஷ்டத்தையும், கைவிடும் வைப்பு வட்டி 846-ஐயும் கூட்டினால் 1,149. வைத்துக்கொள்வது நியாயமாக வேண்டுமென்றால் 28,000 மதிப்புள்ள வீட்டின் விலை ஆண்டுதோறும் 4.1 சதவீதம் ஏறவேண்டும். கடனை 7.5-க்கு மாற்றினால் 3.4 சதவீதம் போதும். நாங்கள் 30,000-க்கு வாங்கிய வீடு நான்கு ஆண்டில் 28,000-க்கு இறங்கியிருந்தது.

இதைப் பார்த்த பிறகும் உடனே விற்கச் சம்மதிக்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் அதைப் புரிந்துகொண்டு ஒரு வழி சொன்னார். "ஒரு வருடம் பார்ப்போம். ஆனால் என்ன நடந்தால் வைத்துக்கொள்வோம் என்பதை இன்றே எழுதிவிடுவோம்" என்றார். எழுதினோம்: ஓராண்டு நிகர வருமானம் 850-ஐத் தாண்ட வேண்டும், அக்கம்பக்கத்தில் அதே அளவு வீடு குறைந்தது 29,000-க்கு விற்றிருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் கடனை மாற்றிக்கொண்டு வைத்திருப்பது. ஒன்று தவறினாலும் விற்பது. தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் ஆண்டு முடிவில் நான் இன்னும் ஓராண்டு கேட்டிருப்பேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

வீடு தேறியது. காய்ந்த சுவருள்ள வீட்டுக்கு மூன்றே வாரத்தில் ஆள் கிடைத்தார்கள். ஆண்டு முடிவில் நிகர வருமானம் 862. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு சொல்லி முடியாது. ஆனால் விலை நகரவே இல்லை. அந்த ஆண்டில் அங்கே விற்ற இரண்டு வீடுகளும் 28,000-ஐ ஒட்டியே போயின. தாளில் எழுதியபடி விற்பனைக்குப் போட்டோம்.

அங்கேயும் நான் ஒரு தவறு செய்தேன். வாங்கிய விலையான 30,000-ஐயே கேட்டேன். இரண்டரை மாதம் ஒருவர்கூட இரண்டாவது முறை வந்து பார்க்கவில்லை. இது எனக்கு மட்டும் நேர்வதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் 1990-களில் பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்க நேரும் உரிமையாளர்கள், எதிர்பார்க்கத்தக்க விலைக்கும் தாங்கள் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியில் 25 முதல் 35 சதவீதத்தைக் கூட்டிக் கேட்டார்கள். சற்றுக் கூடுதலாகப் பெறவும் செய்தார்கள், ஆனால் அவர்கள் வீடுகள் விற்க அதிகக் காலம் பிடித்தது. எனக்கு ஒரு மாதக் காத்திருப்பின் வட்டி மட்டும் 95-க்கு மேல். விலையை 28,000 ஆக்கினோம். ஆறு வாரத்தில் 27,800-க்கு முடிந்தது.

வரியைப் பற்றி ஒன்றே ஒன்று: விலை பேசும் முன்பே வரி ஆலோசகரைப் பாருங்கள், பழுதுபார்த்த ரசீதுகளைத் தூக்கியெறியாதீர்கள். சொத்தை மேம்படுத்தச் செய்த செலவைப் பல நாடுகளில் வாங்கிய விலையோடு சேர்த்துக் காட்டலாம். எங்கள் கொத்தனாரின் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தது உதவியது.

கடனை அடைக்கும்போது நிலுவை 12,680. தரகும் இதர செலவும் போகக் கையில் 14,460 நின்றது. கடன் முடிந்த கடிதத்தோடு மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்தார்கள். கடன் வாங்கிய அன்று என்னென்ன தாள்கள் கொடுத்தோம் என்ற பட்டியலை என் கணவர் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில் முந்தைய உரிமையாளரின் பத்திரம் ஒன்று குறைந்தது. கிடைத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து வேறொரு கோப்பிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்கள். அடமானப் பதிவை நீக்கிய சான்றையும் வாங்கிக்கொண்டு, வாங்கியவரிடம் எல்லாவற்றையும் ஒரே உறையில் ஒப்படைத்தேன். குளியலறைத் தரைக்குக் கீழே என்ன வேலை செய்தோம், எப்போது செய்தோம், யார் செய்தார் என்று ஒரு பக்கம் எழுதி அதோடு சேர்த்து வைத்தேன்.